ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ராய்

நீலாய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டால், ரப்பர் பால் எப்படிக் கட்டியானது என்பதை இன்றும் விவரமாகச் சொல்வார்கள். விடியற்காலையில் மரம் சீவி, வாளியில் சேர்த்த பாலைக் கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள். அங்கே அதை வடிகட்டி, தண்ணீர் கலந்து, அளவாகப் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். சிறிது நேரத்தில் பால் உறைந்து கட்டியாகும். நீர் தனியே பிரியும். அதன் பிறகே அதை உருளையில் கொடுத்துத் தகடாக்கி உலர வைப்பார்கள். அமிலத்தின் அளவு தவறினால் அன்றைய உழைப்பின் தரம் கெட்டுவிடும். எதை, எவ்வளவு, எப்போது சேர்ப்பது என்பதில்தான் அந்த வேலையின் நுட்பம் அடங்கியிருந்தது.

திரவத்தில் ஒன்றைச் சேர்த்து, அதனுள் கலந்திருக்கும் மற்றொன்றைத் திடப்பொருளாக வெளியே கொண்டுவரும் வழி வேதியியல் ஆய்வுக்கூடத்திலும் உண்டு. நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் உலோகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் காண அது உதவுகிறது. அந்தக் கலையில் தேர்ந்து, அதையே தம் நாட்டு மக்களின் நலனுக்கும் பயன்படுத்தியவர் பிரபுல்ல சந்திர ராய். இந்தியாவில் நவீன வேதியியல் ஆராய்ச்சிக்கு வித்திட்டவர் என்று போற்றப்படுபவர் அவர். மாணவர்கள் அவரை அன்போடும் மதிப்போடும் ஆச்சார்யா என்று அழைத்தனர்.

இளமையும் நோயும்

பிரபுல்ல சந்திர ராய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், வங்காளத்தில் உள்ள ராருளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது வங்காளதேசத்தில் உள்ளது. தந்தை ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். நூல்களைத் தேடிச் சேர்ப்பதில் ஆர்வம் மிக்கவர். தாயார் புவனமோகினி தேவி. பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தந்தை 1870ஆம் ஆண்டின் இறுதியில் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஹேர் பள்ளியில் பிரபுல்லர் சேர்க்கப்பட்டார்.

பதின்மூன்று வயதில் அவரைக் கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் தாக்கியது. பள்ளிக்குச் செல்ல முடியவில்லை. ஊருக்குத் திரும்பி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே இருந்தார். அந்நோயின் பாதிப்பு வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. செரிமானக் குறைவும் உறக்கமின்மையும் அவருக்குத் தீராத் துன்பங்களாக நின்றன. ஆயினும், அந்த இரண்டு ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. தந்தையின் நூலகத்தில் இருந்த நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். வரலாறு, வாழ்க்கை வரலாறு, இலக்கியம் எனப் பல துறைகள் அவருக்கு அறிமுகமாயின. வகுப்பறையின் கட்டாயம் இல்லாமல் தாமாகவே கற்கும் பழக்கம் அப்போதுதான் வேரூன்றியது.

உடல் தேறியபின் கல்கத்தா திரும்பி ஆல்பர்ட் பள்ளியில் படித்தார். பின்னர், ஈசுவர சந்திர வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அதற்குள் தந்தையின் செல்வநிலை சரிந்திருந்தது. அக்கல்லூரியில் கட்டணம் குறைவு. ஆனால், வேதியியல் பாடத்திற்கு அங்கு வசதி இல்லை. அதனால், பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் அலெக்சாண்டர் பெட்லர் நடத்திய வகுப்புகளுக்கு வெளி மாணவராகச் சென்று வந்தார். பெட்லர் வகுப்பில் செய்துகாட்டிய சோதனைகள் அவர் மனத்தைக் கவர்ந்தன. நண்பர் ஒருவரின் தங்குமிடத்தில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்து, அச்சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார். மெல்லிய தகரத்தால் செய்த கருவி ஒன்றில் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கொண்டு சோதனை செய்தபோது அது வெடித்துச் சிதறியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. வேதியியலில் ஆர்வம் மட்டும் போதாது, கவனமும் வேண்டும் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

கடல் கடந்த கல்வி

அக்காலத்தில் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளத் தேர்வில் வெற்றி பெறுவோர் பிரிட்டனுக்குச் சென்று படிக்கலாம். போட்டி கடுமையானது, பல மொழிகளில் தேர்ச்சி வேண்டும். இலத்தீன், பிரெஞ்சு, சமஸ்கிருதம் ஆகியவற்றைக் கற்றிருந்த பிரபுல்லர் தேர்வு எழுதி வென்றார். 1882ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன் என்னும் புகழ்பெற்ற வேதியியல் பேராசிரியர்.

1885ஆம் ஆண்டு அவர் இளங்கலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலையைப் பற்றிப் பல்கலைக்கழகக் கட்டுரைப் போட்டிக்கு எழுதினார். பிரிட்டிஷ் ஆட்சியின் குறைகளை அதில் மறைக்காமல் சுட்டிக்காட்டினார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், அக்கட்டுரையை நூலாக அச்சிட்டு வெளியிட்டார். ஆட்சியாளர்களின் நாட்டில், அவர்களின் உபகாரச் சம்பளத்தில் படிக்கும் இருபத்து நான்கு வயது மாணவருக்கு அது எளிய செயலன்று.

செம்பு, மக்னீசியக் குடும்பத்தைச் சேர்ந்த உலோகங்களின் இணைந்த சல்பேட்டுகளைப் பற்றி ஆராய்ந்து, 1887ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு தாயகம் திரும்பினார்.

கரைசல் சொல்லும் செய்தி

பிரபுல்லர் தேர்ந்த கலையைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெயர் எழுதப்படாத குப்பி ஒன்றில் நிறமற்ற கரைசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பார்ப்பதற்குத் தண்ணீரைப் போலவே தெளிவாக இருக்கிறது. அதில் வெள்ளி, ஈயம், பாதரசம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்திருக்கலாம், கரையாமலும் இருக்கலாம். உப்புகள் நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிகின்றன. அவற்றை அயனிகள் என்கிறோம். அயனிகளைக் கண்ணால் காண முடியாது. சுவைத்துப் பார்ப்பதும் ஆபத்து. அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

அக்கரைசலில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால், வெள்ளி, ஈயம், ஒற்றை இணைதிறன் பாதரசம் ஆகிய மூன்றும் வெண்ணிறத் திடப்பொருளாக அடியில் படியும். இதற்கு வீழ்படிவு என்று பெயர். செம்பு, இரும்பு, துத்தநாகம் போன்றவை அமிலத்தால் படிவதில்லை, கரைசலிலேயே தங்கிவிடும். வடிதாளில் வடிகட்டினால் இரு கூட்டத்தாரும் பிரிந்துவிடுவர்.

இனி, வெண்ணிற வீழ்படிவில் மூவரில் யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அதன்மேல் கொதிநீர் ஊற்றினால் ஈயக் குளோரைடு கரைந்து இறங்கும். எஞ்சியதன்மேல் அமோனியாக் கரைசல் ஊற்றினால் வெள்ளிக் குளோரைடு கரைந்துவிடும். பாதரசக் குளோரைடோ கரையாமல் கருமையாக மாறும். ஒரே வெண்மை நிறத்தில் தோன்றிய மூன்றும் இப்படித் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன.

வடிகட்டிய நீரில் மேலும் தேடலாம். அமிலத் தன்மையுள்ள அந்நீரில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் செம்பு கருமையாகவும் காட்மியம் மஞ்சளாகவும் படியும். பின்னர், எஞ்சிய வாயுவைக் கொதிக்கவைத்து வெளியேற்றிவிட்டு, அமோனியம் குளோரைடும் அமோனியாவும் சேர்த்தால் இரும்பு செம்பழுப்பாகவும் அலுமினியம் வெண்ணிறக் கூழாகவும் படியும். அதற்கடுத்து, காரத் தன்மையில் மீண்டும் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் துத்தநாகம் வெண்மையாகப் படியும். இறுதியில் கால்சியம், பேரியம் போன்றவற்றை அமோனியம் கார்பனேட்டால் பிரிக்கலாம்.

இங்கே வரிசைதான் முக்கியம். தொடக்கத்திலேயே காரத் தன்மையில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்திவிட்டால் செம்பும் துத்தநாகமும் இன்னும் பலவும் ஒன்றாகப் படிந்து குழம்பிவிடும். அமிலம் இருக்கும்போது சல்பைடு அயனிகள் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. அந்தக் குறைந்த அளவுக்கே செம்பு படிந்துவிடும், துத்தநாகம் படியாது. இந்த நுட்பமான வேறுபாட்டைப் பயன்படுத்தியே வேதியியலாளர்கள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் படிய வைக்கிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டையின் நாற்றமும் நச்சுத்தன்மையும் உடையது. ஆசிரியரின் மேற்பார்வையின்றி அதைக் கையாளக்கூடாது.

இம்முறையை ஒழுங்குபடுத்திப் பரவச் செய்தவர்களுள் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ரெமிஜியஸ் ஃபிரெசீனியஸ் குறிப்பிடத்தக்கவர். அவருடைய பண்பறி பகுப்பாய்வு நூல் 1841ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரபுல்லர் கற்கத் தொடங்கிய காலத்தில், தெரியாத பொருளை ஆராய விரும்பும் எந்த வேதியியலாளரும் இவ்வழியில் பயின்றே ஆக வேண்டியிருந்தது.

தகுதியும் தடையும்

எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிரபுல்லருக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. அக்காலத்தில் கல்வித்துறையின் உயர்நிலைப் பணிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்களுக்கே ஒதுக்கப்பட்டன. இந்தியர்கள் எவ்வளவு படித்திருந்தாலும் மாகாணப் பணியில்தான் சேர்க்கப்பட்டனர், ஊதியமும் குறைவு. ஏறத்தாழ ஓராண்டு அவர் வேலையின்றி இருந்தார். அந்நாள்களில் இயற்பியலாளர் ஜகதீச சந்திர போஸ் அவருக்கு உறுதுணையாக இருந்தார்.

1889ஆம் ஆண்டு பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியராக அவர் நியமிக்கப்பட்டார். இது நியாயமன்று என்று கல்வித்துறை உயர் அதிகாரியிடம் முறையிட்டார். விருப்பமில்லாவிட்டால் வேறு துறைகளில் முயன்று பார்க்கலாமே என்ற தோரணையில் பதில் வந்தது. அந்தச் சொல் அவரைச் சுட்டது. ஆயினும், அவர் வேலையை உதறிவிட்டுச் செல்லவில்லை. மனம் கசந்து முடங்கவும் இல்லை. கற்பித்தலில் முழு மூச்சாக ஈடுபட்டார். அதே வேளையில், ஒரு வேதியியலாளரால் வேறு என்னென்ன செய்ய முடியும் என்பதையும் செயலில் காட்டத் தொடங்கினார்.

நெய்யும் கடுகெண்ணெயும்

வங்காளத்து வீடுகளில் நெய்யும் கடுகெண்ணெயும் அன்றாட உணவுப்பொருள்கள். சந்தையில் அவற்றில் கலப்படம் மிகுந்திருந்தது. கலப்படம் என்று ஐயப்படுவது எளிது, மெய்ப்பிப்பது கடினம். தூய நெய்யின் தன்மை இன்னது என்று முதலில் தெரிந்தால்தான் கலப்பட நெய்யை இனங்காண முடியும். ஐரோப்பிய நூல்களில் கூறப்பட்ட அளவுகள் அந்நாட்டுப் பசுக்களுக்கும் தீவனத்துக்கும் உரியவை. அவற்றை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது என்று பிரபுல்லர் கருதினார்.

எனவே, அவர் அடித்தளத்திலிருந்து தொடங்கினார். தம் கண்முன்னே பால் கறக்கச் செய்து, அதிலிருந்து வெண்ணெய் எடுக்கச் செய்தார். கடுகையும் தம் பார்வையிலேயே ஆட்டச் செய்து எண்ணெய் எடுத்தார். ஐயத்திற்கு இடமில்லாத அந்த மாதிரிகளை ஆராய்ந்து, அவற்றோடு சந்தைப் பொருள்களை ஒப்பிட்டார். இப்பணி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்தது. அதன் முடிவுகள் 1894ஆம் ஆண்டு வங்காள ஆசிய கழகத்தின் ஆய்விதழில் வெளியாயின.

நெய்யை ஆராயும் முறை வேறு, உலோக உப்புகளைப் பிரிக்கும் முறை வேறு. ஆனால், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பார்வைக்கு ஒன்றாகத் தெரிவதை நம்பிவிடாமல், உறுதியாகத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். ஏழைக் குடும்பத்தின் அடுப்படியில் இருக்கும் எண்ணெய்க்கும் அந்த அக்கறை தேவை என்று அவர் எண்ணியதுதான் சிறப்பு.

தேடியதும் கிடைத்ததும்

1869ஆம் ஆண்டு இரஷ்ய அறிஞர் மெண்டலீவ் தனிமங்களை வரிசைப்படுத்தி அட்டவணை ஒன்றை வெளியிட்டார். அதில் சில இடங்களைக் காலியாக விட்டு, அங்கே வரவேண்டிய தனிமங்கள் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் என்று அறிவித்தார். அதன்படியே சில தனிமங்கள் கண்டறியப்பட்டன. 1886ஆம் ஆண்டு ஜெர்மனியில் கிளமென்ஸ் விங்க்ளர் என்பவர் ஆர்ஜிரோடைட் என்னும் கனிமத்தைப் பகுத்தாய்ந்தார். தெரிந்த பொருள்களை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவை அவர் அலட்சியப்படுத்தவில்லை. விடாமல் தேடி, அமிலம் மிகுந்த கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தியபோது வெண்ணிற வீழ்படிவு ஒன்று கிடைத்தது. அதிலிருந்து வெளிவந்ததே ஜெர்மானியம் என்னும் புதிய தனிமம்.

இந்தியக் கனிமங்களிலும் அவ்வாறு ஏதேனும் மறைந்திருக்கக்கூடும் என்று பிரபுல்லர் நம்பினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அவருக்கு அரிய கனிம மாதிரிகளைக் கொடுத்து உதவினார். பிரபுல்லர் அவற்றைக் கரைத்து, படிய வைத்து, வடிகட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். புதிய தனிமம் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. ஆனால், அதற்கிடையே எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது.

அப்போது கலோமெல் என்னும் பாதரசக் குளோரைடு மருந்தாகப் பயன்பட்டது. அதைத் தயாரிப்பதற்கு நீரில் கரையும் பாதரச நைட்ரேட்டு அவருக்குத் தேவைப்பட்டது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் பாதரசத்தின்மேல் ஊற்றி வைத்தார். சிறிது நேரங்கழித்துப் பார்த்தபோது மஞ்சள் நிறப் படிகங்கள் உருவாகியிருந்தன. வெண்மையான பொருளை எதிர்பார்த்த இடத்தில் மஞ்சள் நிறம் எப்படி வந்தது? முதலில், அது காரவகை உப்பாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால், அமிலம் மிகுந்த கரைசலில் அத்தகைய உப்பு உருவாகாது என்பது அவருக்குத் தெரியும். எனவே, அதை ஒதுக்கித் தள்ளாமல் சோதித்தார்.

ஒற்றை இணைதிறன் பாதரசம் இருந்தால் குளோரைடோடு சேரும்போது வெண்ணிற வீழ்படிவு தரும். அமோனியா பட்டால் அது கருக்கும். நைட்ரைட்டு இருந்தால் நீர்த்த அமிலம் பட்டதும் பழுப்பு நிறப் புகை எழும். நைட்ரேட்டு அவ்வாறு புகையாது. சோதனைகளின் முடிவில், அம்மஞ்சள் படிகம் ஒரே நேரத்தில் பாதரச உப்பாகவும் நைட்ரைட்டாகவும் இருப்பதை அவர் கண்டறிந்தார். நைட்ரைட்டுகள் எளிதில் சிதைபவை. பாதரசத்தோடு அது இப்படி நிலையான படிகமாகக் கிடைக்கும் என்பது அதுவரை யாரும் அறியாதது. பாதரச நைட்ரைட்டு பற்றிய அவருடைய கட்டுரை 1896ஆம் ஆண்டு வெளியானது. இலண்டனின் நேச்சர் இதழும் அதைக் குறிப்பிட்டு எழுதியது.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆயினும், இதை வெறும் நற்பேறு என்று சொல்ல முடியாது. குழாயின் அடியில் படிந்த மஞ்சளைக் கழுவி ஊற்றிவிடுவதற்கும், அதை எடுத்து வைத்துச் சோதிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு பல ஆண்டுப் பயிற்சியால் வருவது. அதன்பின் பல ஆண்டுகள் அவர் நைட்ரைட்டுகளையே ஆராய்ந்தார். 1912ஆம் ஆண்டு இலண்டனில், அமோனியம் நைட்ரைட்டு பற்றிய தம் ஆய்வை அறிஞர்கள் முன் வைத்துப் பாராட்டுப் பெற்றார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து தொழிற்சாலைக்கு

படித்த இளைஞர்கள் அரசாங்கக் குமாஸ்தா வேலையையே நம்பியிருப்பது பிரபுல்லருக்கு வருத்தம் தந்தது. மருந்துகளும் அமிலங்களும் கப்பலில் வந்திறங்குவதையும் அவர் கண்டார். 1892ஆம் ஆண்டு, ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த முதலுடன், தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே மருந்துப் பொருள்கள் தயாரிக்கத் தொடங்கினார். கல்லூரி முடிந்து வீடு திரும்பியதும் உடை மாற்றிக்கொண்டு இவ்வேலையில் இறங்குவார்.

பாஸ்பேட்டு உப்புகள் செய்வதற்கு மாட்டெலும்பு வேண்டும். வாங்கி வந்த எலும்புகளை வீட்டு மாடியில் காய வைத்தார். மழை பெய்து நாற்றம் கிளம்பியதும் அக்கம்பக்கத்தார் முறையிட்டனர். அவற்றை வேறிடத்துக்குக் கொண்டுபோய் எரித்துச் சாம்பலாக்க வேண்டியதாயிற்று. உயர் குடும்பத்தில் பிறந்த பேராசிரியர் எலும்பைத் தொட்டு வேலை செய்வதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தச் சிறு முயற்சி 1901ஆம் ஆண்டு வங்காள இரசாயன, மருந்து உற்பத்தி நிறுவனமாகப் பதிவு பெற்றது. அந்நிறுவனம் இன்றும் இயங்கி வருகிறது. வேறு துறையில் முயலலாமே என்று அன்று வந்த ஏளனத்திற்கு அவர் அளித்த விடை அதுவே.

மாணவர்களே அவர் செல்வம்

1902ஆம் ஆண்டு, பழங்கால இந்தியாவின் வேதியியல் அறிவைப் பற்றிய வரலாற்று நூலின் முதல் பகுதியை அவர் வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோவின் ஊக்கத்தால் தொடங்கிய அப்பணிக்காகப் பழைய சுவடிகளைத் தேடிப் படித்தார். உலோகங்களைத் தூய்மைப்படுத்தவும் மருந்தாக்கவும் முன்னோர் அறிந்திருந்த முறைகளை உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

ஆனால், அவர் மிகுதியாகப் பெருமைப்பட்டது தம் மாணவர்களைக் குறித்தே. ஞான சந்திர கோஷ், நீல ரத்தன் தார், மேகநாத் சாகா, சத்தியேந்திர நாத் போஸ் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். தாய்மொழியான வங்காளத்திலும் பாடத்தை விளக்குவது அவர் வழக்கம். அறிவியல் எந்த ஒரு மொழிக்கும் சொந்தமன்று என்பதை இதன்மூலம் அவர் உணர்த்தினார்.

1916ஆம் ஆண்டு பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1924ஆம் ஆண்டு இந்திய வேதியியல் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார்.

எளிமையும் தொண்டும்

பிரபுல்லர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மாதம் 800 ரூபாய் ஊதியம் பெற்ற காலத்தில், தம் செலவுக்கு 40 ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பொதுநலனுக்குக் கொடுத்து வந்தார். அவருடைய நண்பர் கோகலே இதைக் கூறியே அவரைக் காந்தியடிகளுக்கு அறிமுகப்படுத்தினார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்களின் துன்பத்தைக் கல்கத்தா மக்கள் அறிய வேண்டும் என்று, 1902ஆம் ஆண்டு காந்தியடிகள் உரையாற்றிய கூட்டத்திற்கு ஏற்பாடு செய்தவர்களுள் பிரபுல்லர் முதன்மையானவர். தாயகத்தை விட்டுக் கடல் கடந்து உழைக்கச் சென்றவர்களின் வாழ்வும் அவர் அக்கறைக்கு உரியதாக இருந்தது.

1922ஆம் ஆண்டு வடவங்காளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, அறிவியல் கல்லூரியையே நிவாரணப் பணியின் தலைமையிடமாக்கினார். மாணவர்கள் சோதனைக் குழாய்களை வைத்துவிட்டு, துணி மூட்டைகளையும் உணவுப் பொருள்களையும் கட்டி அனுப்பினர். அறுபது வயது நிறைந்த 1921ஆம் ஆண்டு முதல், 1936இல் ஓய்வு பெறும்வரை தம் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே பல்கலைக்கழகத்திடம் விட்டுக்கொடுத்தார். கல்லூரிக் கட்டடத்தில் இருந்த எளிய அறை ஒன்றே அவர் இல்லமாயிற்று. அந்த அறையிலேயே 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், மாணவர்கள் சூழ, அவர் உயிர் நீத்தார்.

பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம், வேதியியல் வரலாற்றில் சிறந்த பணி நிகழ்ந்த இடங்களுக்கு நினைவுப் பலகை வழங்கிச் சிறப்பிக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியே அச்சிறப்பை முதன்முதலில் பெற்றது பிரபுல்லரின் பணியே. அப்பலகை 2011ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. உயர்நிலைப் பணிக்கு ஏற்றவரல்லர் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவருக்கு, அந்நாட்டுக் கழகமே பின்னாளில் செய்த மரியாதை அது.

நமக்கான பாடம்

மாணவர்களே, நான்காம், ஐந்தாம் படிவ வேதியியல் வகுப்பில் நீங்களும் பெயரில்லாத கரைசல்களைச் சோதிப்பீர்கள். நீலம், பச்சை, வெண்மை, செம்பழுப்பு எனச் சோதனைக் குழாயில் வீழ்படிவுகள் தோன்றும். முன்கூட்டியே விடை தெரிந்துகொண்டு, அதற்கேற்ப நிறத்தை எழுதிவிடத் தோன்றலாம். கண்ட நிறம் எதிர்பார்த்த நிறமாக இல்லாவிட்டால் குழாயைக் கழுவி ஊற்றிவிடவும் தோன்றலாம். அப்போது அந்த மஞ்சள் படிகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டங்கள் சூழ்ந்திருந்த நீலாயில் இன்று தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் கல்லூரிகளும் பெருகியுள்ளன. ஆற்று நீர் தெளிவாக ஓடினாலும் அதில் ஈயமோ காட்மியமோ கரைந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. முறையாகச் சோதித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தாம் கண்டதை ஒளிக்காமல் சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். நெய்யிலும் எண்ணெயிலும் கனிமத்திலும் உள்ளதை உள்ளபடி கண்டு சொன்ன பிரபுல்ல சந்திர ராயின் வாழ்க்கை அத்தகையோருக்கு நல்ல வழிகாட்டியாகும்.